சிம்மாசனத்துக்கு மூன்று மாத்திரை!

1

'ஒரு தகப்பன் தன் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் ஆகப்பெரிய சொத்து... ஒற்றுமை!'

பேரரசுகள் எழுந்ததும் சரிந்ததும், வம்சங்கள் தழைத்ததும் பட்டுப்போனதும் இந்த ஒற்றை உண்மையால்தான்.

அதைச் சலவைக்கல்லில் பொன்னெழுத்தால் பொறித்து, நடு ஹாலில் பதித்திருந்தார்கள்.

அதற்கு நேர் கீழே...

"நகர்றா! நான்தான் உடைப்பேன்!"

"நீயா? இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற, நீ உடைக்கப் போறியா? நகரு!"

"மூத்தவன் நான் இருக்கும்போது...?"

"கதவுக்குத் தெரியுமா மூத்தவன் யாரு, இளையவன் யாருன்னு?"

அண்ணனும் தம்பியும் ஒரு படுக்கையறைக் கதவுக்காக மல்லுக்கு நின்றார்கள்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. விடிந்து வெகுநேரமாகியும் அப்பா எழுந்து வரவில்லை. தட்டினார்கள். கத்தினார்கள். ஃபோன் போட்டார்கள். உள்ளே மணி அடித்தது... அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது!

"என்னங்க... யாராவது ஒருத்தர் உடைச்சுத் தொலைங்களேன்!" என்றாள் மூத்தவனின் மனைவி.

யாராவது ஒருத்தர்! அந்த வீட்டில் நடக்கிற காரியமா அது?

இருவரும் ஒரே நேரத்தில் ஓடி வந்து மோதினார்கள். தாழ்ப்பாள் தெறித்தது. நிலைவாசலில் இரண்டு தோள்களும் சேர்ந்து சிக்கிக்கொள்ள, கொஞ்ச நேரம் யாராலுமே உள்ளே போக முடியவில்லை.

பின்னால் நின்றவள்தான் இரண்டு தலைகளுக்கும் நடுவில் எட்டிப் பார்த்தாள்.

"வீ...ல்!"

கட்டிலில் நிமிர்ந்த முதுகோடு மல்லாந்து கிடந்தார் சிம்மாசனம். மார்பு வரை போர்வை. விரிப்பின் நான்கு ஓரங்களிலும் தங்க நூலில் குட்டிக் குட்டி நாற்காலிகள். அரைக்கண் திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை.

மூத்தவன் காலைத் தொட்டுப் பார்த்தான். ஜில்!

அவனுக்குள் முதலில் எழுந்த எண்ணம் துக்கம் அல்ல.

'தம்பி ஆரம்பிக்கறதுக்குள்ள நான் அழுதுடணும்.'

"அப்பா...ஆ...!"

"அப்பா...ஆ...ஆ...!" என்றான் இளையவன், ஒரு சுதி தூக்கலாக.

2

சிம்மாசனம் என்பது அவர் பெயரல்ல. அவர் தயாரித்த மெத்தையின் பெயர். காலப்போக்கில் மெத்தை அவர் மேல் ஏறிக்கொண்டது.

'சிம்மாசன மெத்தை... படுத்தவன் எழுந்தால் அரசன்!' என்று ஊரெல்லாம் பலகை. அதில் தலையில் கிரீடத்தோடு அவரே கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்.

அவருக்கு உலகத்தில் ஒரே எதிரி. ஃபேக்டரிக்கு எதிரிலேயே கடை போட்ட தொட்டில் மெத்தைக் கம்பெனி. அந்தப் பேரை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது. உச்சரித்தாள் ஒருத்தி. உச்சரித்ததோடு நிற்காமல் தொட்டில் கம்பெனியின் விற்பனை ஆளைக் காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டாள்.

கடைசி மகள். பாப்பா என்பார்கள்.

சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவளின் படிப்பை அன்றோடு நிறுத்தினார். வீட்டுக் கதவைச் சாத்தினார். பாப்பாவுக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. கதவு இன்னும் திறக்கவில்லை.

மீதி இரண்டு மகன்கள். அவர்களை வளர்ப்பதில் சிம்மாசனம் ஒரு கொள்கை வைத்திருந்தார். எதுவாக இருந்தாலும் இரண்டு!

இரண்டு கார். ஒரே நிறம். வீட்டில் முதல் மாடி மூத்தவனுக்கு, இரண்டாம் மாடி இளையவனுக்கு. தம்பி தன் தலைக்கு மேலே நடக்கிறானே என்று மூத்தவனுக்குத் தூக்கம் வராது. அண்ணன் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறானே என்று இளையவனுக்குச் சாப்பாடு இறங்காது. தம்பிக்குப் பித்தப்பையில் கல் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மறுநாளே அதே ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றைத் தட்டிக் காட்டினான் மூத்தவன். "எனக்கும் இருக்கும். நல்லா பாருங்க டாக்டர்!"

இல்லை என்றார்கள். ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

இருவருக்கும் முதுகுவலி உண்டு. அதிலும் யாருக்கு அதிகம் என்று போட்டி. மூத்தவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பான். இளையவன் பெல்ட் போட்டிருந்தான். அப்பா மட்டும் அந்த வயதிலும் கொடிக்கம்பம் மாதிரி விறைப்பாக நடந்து வருவார். "நம்ம மெத்தைடா! நீங்க படுக்கற லட்சணம் சரியில்லை!" என்பார்.

இன்னொன்று. அவருடைய படுக்கையறை.

சில வருடங்களுக்கு முன் வீடு முழுக்கப் பூச்சி மருந்து அடிக்க வேண்டும் என்று எல்லோரையும் ஹோட்டலில் தங்க வைத்தார் சிம்மாசனம். திரும்பி வந்த நாளிலிருந்து அந்த அறைக்குப் பூட்டு. பெருக்குவதற்குக்கூட யாரையும் விடுவதில்லை. விரிப்பைக்கூடத் தானே மாற்றிக்கொண்டார்.

தங்கக் கட்டி என்றான் இளையவன். தம்பிக்குத் தனியாக எழுதி வைத்த பத்திரம் என்று நினைத்தான் மூத்தவன். அப்படி நினைத்து நினைத்தே அவனுக்கு நெஞ்செரிச்சல் நிரந்தரமாகிவிட்டது.

3

குடும்ப டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"எனக்கு இது பிடிக்கலை. போலீசுக்குச் சொல்லிடறது நல்லது."

"போலீசா...! எதுக்கு டாக்டர்?"

"ராத்திரி போடற மாத்திரை இதயத்தை மெதுவாக்கற மாத்திரை. ஒண்ணுதான் போடணும். மேல போச்சுன்னா இதயம் ஒரேயடியா ஓய்வு எடுத்துக்கும். உங்க ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா உட்கார வெச்சு சொல்லியிருக்கேன்."

தனித்தனியாகத்தான் சொல்லியிருந்தார். ஏனென்றால் சேர்ந்து வர மாட்டார்கள். மாத்திரைச் சீட்டுகூட ஆளுக்கு ஒன்று எழுதி வாங்கியிருந்தார்கள்.

மூத்தவனின் முதுகில் வியர்வை ஓடியது.

நேற்று இரவு...

பாப்பா ஃபோன் பண்ணிப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். அதைக் கேட்டதும் அவன் காதில் புகை வந்தது. மாத்திரையும் தண்ணீருமாகப் படியிறங்கி ஓடினான். ஹால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் வாயில் தன் கையாலேயே போட்டான். அப்பா விழுங்கினார். புன்னகை செய்தார். "சபாஷ்டா!" என்றார்.

ஒன்றே ஒன்றுதான்! ஒன்றுக்கு யாராவது சாவார்களா?

'அப்ப... தம்பிதான் ஏதோ பண்ணியிருக்கான்!'

அந்த நினைப்பில் அவனுக்குப் பயமும் வந்தது. பயத்துக்கு அடியில், வெட்கமில்லாமல், ஒரு சின்ன சந்தோஷமும் வந்தது.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் பெண் இன்ஸ்பெக்டர். வாயில் பெப்பர்மின்ட். கதவைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், அண்ணன் தம்பியைப் பார்த்தார். பெப்பர்மின்ட்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"நேத்து ராத்திரி அவருக்கு மாத்திரை குடுத்தது யாரு?"

"நான் இல்லை," என்றான் மூத்தவன்.

"நான் இல்லவே இல்லை!" என்றான் இளையவன்.

"அப்ப அவரே போட்டுக்கிட்டாரா?"

"அவரேதான் போட்டுக்குவார். ஒன்பது மணிக்கு. எப்பவும்!" என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள். அதுவே இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

"அதிசயமா இருக்கே! உங்க தெருமுனைக் கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? நீங்க ரெண்டு பேரும் சூரியன் கிழக்கே உதிக்குதுன்னுகூட ஒத்துக்க மாட்டீங்களாம்!"

"கடைக்காரனுக்கு வேற வேலை இல்லை மேடம்..."

"அறைக்கு சீல் வைக்கறேன். கட்டில், படுக்கை, எதையும் யாரும் தொடக் கூடாது. ரிப்போர்ட் வரட்டும்."

ஜீப் போனதும் மூத்தவன் மாடிக்குப் போய் மாத்திரை அட்டையைக் கிழிந்த செருப்புக்குள் சுருட்டிக் குப்பையில் போட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து இளையவனும் படியிறங்கி வந்து குப்பைத் தொட்டியில் எதையோ போட்டுவிட்டுப் போனான். அதுவும் செருப்பு!

4

ரிப்போர்ட் வருவதற்குள் மகன்கள் சும்மா இருக்கவில்லை.

மூத்தவன் பத்திரிகையில் முழுப்பக்க இரங்கல் விளம்பரம் கொடுத்தான். 'கடைசி மூச்சு வரை சிம்மாசன மெத்தையில்! அரசனாகவே வாழ்ந்து அரசனாகவே உறங்கிய எங்கள் தந்தை...'

விஷயம் தெரிந்து இளையவனும் அதே பத்திரிகையில் அடுத்த பக்கத்தைப் பிடித்தான். வாசகம் அதேதான். 'எங்கள்' என்ற இடத்தில் மட்டும் 'என்'.

அன்று ஹாலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பாப்பாகூட வந்திருந்தாள். வக்கீல் மடியில் அரக்கு முத்திரை வைத்த உறை. உயில்!

அந்த உயில் எழுதியபோது நடந்த கூத்தை மூத்தவன் நினைத்துப் பார்த்தான்.

மற்றவர்கள் உயிலில் கையெழுத்துப் போடுவார்கள். சிம்மாசனம் விழா எடுத்தார்! மண்டபம். மைக். இரண்டு வீடியோ கேமரா. 'உயில் கையெழுத்துப் பெருவிழா' என்று துணிப் பதாகை. எல்லாம் சரிபாதி, பஞ்சில்கூட வித்தியாசம் கிடையாது என்று மேடையிலேயே அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. மூத்தவனுக்கு மட்டும் வயிறு எரிந்தது. மூத்தவனுக்கும் பாதி, அவனுக்கும் பாதி என்றால் மூத்தவனாகப் பிறந்து என்ன லாபம்?

சாட்சிக் கையெழுத்துக்கு டாக்டரும், மண்டப மேனேஜரும் பேனாவோடு தயாராக நின்றார்கள். வக்கீல் இன்னும் வந்து சேரவில்லை. வழியில் கார் டயர் பஞ்சர்.

அழைப்பிதழ் இல்லாமலே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பாப்பா அப்போதுதான் முன்னால் வந்து மூத்தவன் காதருகே குனிந்தாள்.

"என்ன பெரியண்ணா... அப்பா உயில்ல ஊரார் கையெழுத்தா? இல்லை, சின்னண்ணன் போடப் போறானா? எழுந்து நிக்கறானே?"

அவ்வளவுதான்! மூத்தவன் பாய்ந்து மேடை ஏறி டாக்டர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினான். "மூத்த மகன் நான் கல்லு மாதிரி நிக்கறேன்! என் அப்பா உயிலுக்கு என் சாட்சி இல்லாம வேற யாரு?" படபடவென்று கையெழுத்துப் போட்டான். நிமிர்ந்தால் இளையவன் மேனேஜரின் பேனாவோடு பக்கத்தில் நிற்கிறான்.

சாட்சிக்கு இருந்ததே இரண்டு கோடு. இரண்டும் நிறைந்துவிட்டது.

சிம்மாசனம் கண் கலங்கினார். "பார்த்தீங்களா? என் சிங்கங்கள்!" என்று மைக்கில் முழங்கிவிட்டு, உயிலை அங்கேயே உறையில் போட்டு அரக்கு வைத்துப் பெட்டியில் பூட்டினார். வக்கீல் வந்தபோது சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது.

"ஆரம்பிக்கலாமா?" என்று தொண்டையைக் கனைத்தார் வக்கீல்.

"ஒரு நிமிஷம் சார்!"

வாசலில் இன்ஸ்பெக்டர். வாயில் பெப்பர்மின்ட். பின்னால் ஒரு கான்ஸ்டபிள்.

"உங்களுக்கு முன்னாடி நான் கொஞ்சம் பேசிக்கறேன்."

5

"ரிப்போர்ட் வந்தாச்சு. ஒரே ராத்திரியில மூணு மாத்திரை உள்ளே போயிருக்கு. ஒண்ணு அவரே போட்டுக்கிட்டது. மீதி ரெண்டு?"

"எனக்குத் தெரியாது மேடம்," என்றான் மூத்தவன்.

"நான் அன்னிக்குக் கீழேயே இறங்கலை மேடம்," என்றான் இளையவன்.

"சரி. விடுங்க."

இன்ஸ்பெக்டர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். குரலைத் தழைத்தார்.

"பாவம், பெரிய மனுஷர். படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு சிநேகிதருக்கு ஃபோன் பண்ணி அழுதாராம். என்ன சொன்னாராம் தெரியுமா? 'ரெண்டு பேரும் என் பிள்ளைங்கதான். ஆனா இன்னிக்கு என் வாயில மாத்திரையைப் போட்டானே, அவன்தான் உண்மையான பிள்ளை. கம்பெனித் தலைவர் நாற்காலி அவனுக்குத்தான்'னு சொன்னாராம்."

'வாயைத் திறக்காதே... திறக்காதே...' என்று மூத்தவனின் புத்தி கெஞ்சியது. ஆனால் கண் தம்பியின் பக்கம் போனது. இளையவனின் உதடு துடித்தது. ஐயோ... அவன் சொல்லப் போகிறான்! நாற்காலி போகப் போகிறது!

"அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர், நகத்தைப் பார்த்தபடி. "யாருமே குடுக்கலைங்கறீங்க. சரி, நாற்காலியை யாராவது..."

"நான்தான்!" என்று குதித்தான் மூத்தவன்.

"பொய்! நான்தான்!" என்று எழுந்தான் இளையவன்.

"நான் போட்டேன்டா! வாய்க்குள்ள விரலை விட்டுப் போட்டேன்! சபாஷ்னார்!"

"எனக்கு ரெண்டு தடவை சபாஷ் சொன்னார்!"

"நான் வெந்நீர் குடுத்தேன்!"

"நான் நெஞ்சைத் தடவிக்கூட விட்டேன்!"

"என்னங்க... வாயை மூடுங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மூத்தவனின் மனைவி. காலம் கடந்த அறிவுரை.

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்தார். "எழுதிக்கிட்டீங்களா?"

"ஆச்சு மேடம்."

"அப்படி யாரும் யாருக்கும் ஃபோன் பண்ணி அழலை," என்றார் இன்ஸ்பெக்டர் அமைதியாக.

மூத்தவன் பொத்தென்று உட்கார்ந்தான். முதுகு 'கடக்' என்றது.

"மேடம்... சத்தியமா நான் ஒண்ணுதான் குடுத்தேன்! அவன் குடுத்தது எனக்குத் தெரியாது!"

"எனக்கு மட்டும் தெரியுமா? அப்பாவும் ஏற்கெனவே போட்டுக்கிட்டேன்னு சொல்லலையே மேடம்! ஆன்னு வாயைத் திறந்தாரே!"

அதுதான் உண்மை. மகன்கள் மாற்றி மாற்றி ஓடி வந்து ஊட்டுவதைப் பார்க்கும் சுகத்தில் அந்த மனிதர் 'வேண்டாம்' என்று சொல்லவே இல்லை.

"தினமும் அவரே போட்டுக்கறவருக்கு அன்னிக்கு மட்டும் ரெண்டு பேருக்கும் என்ன திடீர்ப் பாசம்?"

"பாப்பா ஃபோன் பண்ணா மேடம்," என்றான் மூத்தவன். "தம்பிதான் இப்ப தினமும் மாத்திரை குடுக்கறானாம், அப்பா ஊரெல்லாம் சொல்லிப் பூரிச்சுப் போறாராம்னு சொன்னா. எனக்குப் பொறுக்கலை..."

இளையவன் திகைத்துப் போய் அண்ணனைப் பார்த்தான்.

"என்கிட்ட... நீ குடுக்கறேன்னு சொன்னா."

எல்லோருடைய தலையும் மெல்ல... மெல்லத் திரும்பியது.

ஜன்னலோரம் பாப்பா உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. முகத்தில் சலனமில்லை.

அப்போதுதான் வக்கீல், "அடக் கஷ்டமே!" என்று அலறினார்.

பரபரப்பில் அவர் உறையைப் பிரித்துவிட்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கடைசிப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார்.

"யாரு... யாரு உங்க ரெண்டு பேரையும் இதுல சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னது?"

"ஏன் சார்?"

"ஏனா! உயில்ல சொத்து வாங்கறவன் அதே உயிலுக்கு சாட்சிக் கையெழுத்துப் போட்டா, அவனுக்கு எழுதினது செல்லாது! அதனாலதானே வெளியாள் ரெண்டு பேரைப் போடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்!"

"செல்லாதுன்னா...?" என்றான் மூத்தவன்.

"ஃபேக்டரி, வீடு, கார்... எதுவும் உங்களுக்கு வராது." வக்கீல் இளையவன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் வராது."

அந்த இடிக்கு நடுவிலும் மூத்தவன் ஒரு விஷயத்தை உறுதிப்படுத்திக்கொண்டான். "தம்பிக்கும் கிடையாதுதானே?"

"கிடையாது."

கொஞ்சம் மூச்சு வந்தது.

"அப்ப யாருக்குத்தான் சார் போகும்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

வக்கீல் கடைசி வரியில் விரலை வைத்தார். "கடைசில ஒரு வரி எழுதறது வழக்கம். எந்தக் காரணத்தாலாவது இவங்களுக்குச் சேராம போனா யாருக்குன்னு. நான் கேட்டப்ப பெரியவர் சிரிச்சார். 'வராத ரயிலுக்கு டிக்கெட் யார் கையில இருந்தா என்ன? பாப்பா பேரைப் போடுய்யா'ன்னார்."

ரயில் வந்துவிட்டது. முழு வேகத்தில்!

6

"உங்களுக்கு இந்த வரி இருக்கறது முன்னாடியே தெரியுமா?" இன்ஸ்பெக்டர் பெப்பர்மின்ட்டைக் கடித்து நொறுக்கினார்.

"தெரியும் மேடம்," என்றாள் பாப்பா. "அப்பாவே ஃபோன் பண்ணிச் சொன்னார். அத்தனை வருஷத்துல அவர் எனக்குப் பண்ணின ஒரே ஃபோன். 'உனக்கும் ஒரு வரி எழுதியிருக்கேன், அது நடக்கவே நடக்காது'ன்னு சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிச்சார்."

"சாட்சிக் கையெழுத்துச் சட்டம்?"

"ரெண்டு வருஷம் சட்டம் படிச்சேன் மேடம். மூணாவது வருஷம் அப்பா நிறுத்திட்டார். அந்தப் பாடம் ரெண்டாவது வருஷத்துலயே வந்துடும்."

"அடிப்பாவி!" என்று பாய்ந்தான் மூத்தவன். "அப்பாவைக் கொன்னுட்டியேடி!"

"நானா? நான் எங்க வீட்டுல உட்கார்ந்து ஃபோன்ல பேசினேன் பெரியண்ணா. மாத்திரையைப் போட்டது நீங்க. முழுங்கினது அவர்."

"நீ தூண்டிவிட்டே!"

"என்ன தூண்டினேன்? அப்பாவை நல்லாப் பாத்துக்கறீங்களான்னு கேட்டேன். 'தம்பி குடுத்தானா, சரி, நல்லது'ன்னு ஒரே ஒரு தடவை, ஆயுசுல ஒரே தடவை நினைச்சுட்டுப் படுத்திருந்தீங்கன்னா அப்பா இன்னிக்கு உயிரோட இருப்பார். நினைச்சீங்களா?"

அந்த நிமிடம்கூட மூத்தவன் தம்பிக்கு எத்தனை சபாஷ் என்றுதான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாப்பாவின் குரல் முதல்முறையாகப் பிசிறியது.

"சின்ன வயசுல உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சைக்கிள் வாங்கினார். எனக்குப் பழைய சைக்கிளோட மணியைக் கழட்டிக் குடுத்தார். அதை வெச்சுக்கிட்டு உங்க பின்னாடியே மணி அடிச்சுக்கிட்டு ஓடி வருவேன். ஞாபகம் இருக்கா? உங்களுக்கு ஒருத்தர் மேல ஒருத்தருக்குத்தான் பொறாமை. எனக்கு எத்தனை வருஷமா உங்க ரெண்டு பேர் மேலயும் தெரியுமா?"

"கொன்னவங்களுக்கும் சொத்து வராதும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தப் பாடமும் படிச்சிருப்பீங்களே?"

"படிச்சிருக்கேன். நிரூபிக்கணும்னும் படிச்சிருக்கேன்."

"நிரூபிக்கறேனா இல்லையா, பாருங்க. கிளம்புங்க, ஸ்டேஷன்ல பேசலாம். மூணு பேரும்!"

"தாராளமா." பாப்பா எழுந்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். பொன்னெழுத்துச் சலவைக்கல்லை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். "பெரியண்ணா, திரும்பி வந்ததும் வீட்டுச் சாவியை என்கிட்ட குடுத்துடுங்க. அவசரமில்லை. தொட்டில் கம்பெனிக்காரனைக் கட்டிக்கிட்டேன்னு கழுத்தைப் பிடிச்சு அனுப்பின வீடு இது. அந்தத் தொட்டில்காரரோட கையைப் பிடிச்சுக்கிட்டே உள்ளே வரணும். சிம்மாசனத்துல உட்காரணும். நாளையிலேருந்து பலகையில என் படம்!"

மூத்தவனுக்குக் குடல் கருகியது. தம்பிக்குக் கிடைத்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது என்று தோன்றியது. உடனே, இல்லை, இதே அளவு எரிந்திருக்கும் என்று திருத்திக்கொண்டான்.

"மேடம்!"

சீல் உடைத்த படுக்கையறைக்குள்ளிருந்து கான்ஸ்டபிளின் குரல்.

"கட்டிலைச் சோதனைக்கு எடுத்துட்டுப் போகணும்னீங்களே... கொஞ்சம் வந்து பார்க்கறீங்களா?"

எல்லோரும் போனார்கள். இந்த முறை அண்ணனும் தம்பியும் நிலைவாசலில் சிக்காமல் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்.

தங்கக் கட்டி இல்லை. பத்திரம் இல்லை. ஒரு அலமாரி, ஒரு கட்டில், ஒரு மின்விசிறி.

கான்ஸ்டபிள் அந்தத் தங்க நூல் நாற்காலி விரிப்பை உருவியிருந்தார். கட்டில் மேல் வெறும் மெத்தை. அதன் நெற்றியில் நீல நூலில் ஒரு படம்.

மூத்தவன் பார்த்தான். இடுப்பைப் பிடித்திருந்த கை தானாக விலகியது. பூச்சி மருந்து... ஹோட்டல்... திரும்பி வந்த நாளிலிருந்து பூட்டு... கொடிக்கம்பம் மாதிரி அப்பாவின் முதுகு!

"ஐயையோ... காலையில பேப்பர்ல முழுப்பக்கம் போட்டோமே," என்று முனகினான் இளையவன்.

"ஆளுக்கு ஒரு பக்கம்," என்றான் மூத்தவன்.

பிறகு மெதுவாகத் திரும்பித் தங்கையைப் பார்த்தான். கொலை, போலீஸ், உயில் எதற்கும் அசையாத பாப்பாவின் முகம் இப்போது சாம்பல் பூத்திருந்தது. மெத்தையின் மூலையைத் தொட்டாள். கையை இழுத்துக்கொண்டாள்.

"இதுக்காகவா... இதுக்காகவா என்னை வெளியே அனுப்பினார்?"

"இனிமே கம்பெனி உன்னோடதும்மா," என்றான் மூத்தவன். பல வருடங்களுக்குப் பிறகு அவன் வயிறு குளிர்ந்திருந்தது. "பலகையில உன் படம்தானே? நல்லா நிமிர்ந்து படு."

இன்ஸ்பெக்டர் குனிந்து, தையலோரம் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "கவலைப்படாதீங்க. இன்னும் மூணு வருஷம் உத்தரவாதம் பாக்கி இருக்கு!"

சிம்மாசன மெத்தை அதிபர் கடைசி ஏழு வருடங்களும் தொட்டில் மெத்தையில்தான் தூங்கினார்.